கழற்றிய டிம்மர்

குடவாசலில் ஃபஹ்மிதா தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் ஹால் விளக்கு மங்கியது. மாமனார் உயிரோடிருந்தபோது, "பொம்பளைக்கு எதுக்கு சம்பாத்தியம்?" என்று டிம்மரைத் திருகி இப்படித்தான் மங்க வைப்பார்.

எலக்ட்ரீஷியன் அமிர்தலிங்கம் பல்பை மாற்றினார், வயரை மாற்றினார். கடைசியில் டிம்மரையே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சாதா சுவிட்சைப் போட்டார்.

"பழைய டிம்மருக்கு எல்.இ.டி. பல்பு ஒத்துக்காதும்மா. இனிமே மங்காது."

அவர் போனதும் ஃபஹ்மிதா பெருநாள் சட்டையைத் தைக்க உட்கார்ந்தாள். விளக்கு மங்கியது. மேசைமேல், வயரே இல்லாத டிம்மரின் குமிழ் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அதை எடுத்து எதிர்ப்பக்கம் முழுக்கத் திருகினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"நான் தைப்பேன் மாமா."

இடது கையில் குமிழை இறுக்கிப் பிடித்தபடி, வலது கையால் துணியை நகர்த்தினாள். உள்ளங்கைக்குள் குமிழ் திமிறிக்கொண்டே இருந்தது. தையல் கோணவில்லை.