இரண்டாம் தவணை

ஆஸ்பத்திரியிலிருந்து நதியா நேராகக் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்தாள்.

அங்கே ஃப்ளூ தடுப்பூசியின் இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்தது. தையல் பிரிவுப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"ஊசி போட்ட எம்பிள்ளதான் ஆக்சிஜன் வச்சுக் கெடக்கான். ஃப்ளூவாம். போடாதீங்க, தூக்கிட்டுப் போங்க!"

நதியா கத்தினாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். தொண்டை கட்டியிருந்தது.



ஊசி போட்டாலும் சிலருக்குக் காய்ச்சல் வரும், பெரும்பாலும் இவ்வளவு முற்றாது என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. முன்னால் நின்றவள் குழந்தையின் சட்டைக் கையை இறக்கிவிட்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கலைமகள் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

நதியாவின் மகன் தரணியா? இரண்டரை வயது. அவள் ஊட்டினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

நதியா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவளுக்கு இந்த ஊரில் 'அக்கா' என்று கூப்பிட இருந்தது கலைமகள் ஒருத்திதான்.

கலைமகளின் கை அவள் முதுகைத் தடவியது. கண் வரிசையிலேயே இருந்தது.

வரிசையில் நான்கு பேர் மிஞ்சினார்கள். பிறகு இரண்டு பேர்.

கடைசியாக நின்றவளும் ஏழு மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நில்லு கண்ணு!"

அது தன் குரல்தானா என்று கலைமகளுக்கே தெரியவில்லை. நதியாவின் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

"தரணிக்கு ஊசி போடவே இல்லீங்க. போன மாசம் மொத ஊசி போட்ட அன்னைக்கு என்ற தோள்ல அசந்து தூங்கிட்டு இருந்தானுங்க. எழுப்புனா அழுவானேன்னு, போட்டாச்சுன்னு நர்ஸம்மாகிட்ட நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

நதியாவின் அழுகை சட்டென்று நின்றது. அவள் அடிக்கவில்லை, ஏசவில்லை. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்து நர்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். துண்டை விலக்கினாள்.

குழந்தையைப் பிடித்துக்கொள்ள வழக்கம்போலக் கலைமகள் கை நீட்டினாள்.

அந்தப் பெண் தரவில்லை. தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.