பழைய பாஸ்வேர்டு

“அம்மா, யாரோ உங்க பழைய மெயிலுக்குள்ள புகுந்திருக்காங்க!”

மகன் நீட்டிய போனைத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

“இந்த மெசேஜா? இது அப்பப்ப வரும்டா. ஏதோ விளம்பரம்னு தள்ளி விட்டுடுவேன்.”

“விளம்பரமா! இப்ப போன், பேங்க், போட்டோ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக் கிடக்கும்மா. ஒண்ணுல நுழைஞ்சவன் மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போயிடுவான். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“எனக்கே தெரியாது. அந்த பிரவுசிங் சென்டர் தம்பிதான் வச்சுக் கொடுத்தார்.”

“அப்ப அந்த ஆளேதான். கிளம்புங்க.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். ‘கடவுளே, யார் மேலயும் வீண்பழி போட வச்சுடாதே’ என்று வழி நெடுக முணுமுணுத்தாள்.

அந்தக் கடைப் படி ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது, அவர் மெயிலைப் பார்க்க வாரம் தவறாமல் வருவாள். அவர் கடலிலேயே போய்விட்டார் என்று தகவல் வந்த பிறகு இந்தப் பக்கமே திரும்பவில்லை.

பத்து கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஜெராக்ஸ் மெஷின்.

“தம்பி, என் மெயிலை நீங்களா திறந்தீங்க?”

“ஆமாக்கா, நான்தான்.”

மகன் பாய்ந்தான். “என்ன தைரியம் உங்களுக்கு! போலீஸுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?”

ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள். பக்கத்தில் பாஸ்வேர்டு, தேதிகள்.

“பாருங்கம்மா, ஊரார் சாவியெல்லாம் இவர் டிராயர்ல!”

“கேக்காம செஞ்சது தப்புதான்க்கா. போன் வந்ததும் எல்லாரும் பழைய மெயிலை மறந்துட்டாங்க. ரெண்டு வருஷம் யாரும் திறக்கலைன்னா கம்பெனிக்காரங்களே மொத்தமா அழிச்சுடுறாங்க. அதான் அப்பப்ப திறந்து, விளம்பரத்தையெல்லாம் துடைச்சுட்டு மூடிடுவேன்.”

“அழிஞ்சா அழியட்டுமே! எனக்கு இனிமே யார் எழுதப் போறாங்க?” என்றாள் அவள். “அடுத்தவங்க கடிதாசியைப் படிக்கிறது பாவம் இல்லையா, தம்பி?”

அவர் அவளுடைய மெயிலைத் திறந்தார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

இருநூறு மெயிலுக்கு மேல் இருக்கும். அத்தனையும் வீட்டுக்காரர் பெயரில். அவள் அன்றைக்கே படித்து முடித்தவை மெல்லிய எழுத்தில் வரிசையாகக் கிடந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே, அவர் கடைசியாகப் போட்ட ஒன்று மட்டும், ஒன்பது வருஷமாக யாருமே திறக்காத தடித்த எழுத்தில் நின்றது.