கண்ணைக் குத்தும் பூக்கள்

சாம்பல் நிற சோபாவின் படத்தைக் காட்டிவிட்டு அந்தப் பெண் பொறுக்கியெடுத்த குஷன்களைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊதா ரோஜா, ஆரஞ்சுச் செம்பருத்தி, கிளிப்பச்சை இலை.

"ஏம்மா, கண்ணைக் குத்துதே! இந்த வெளிர்நீலப் பூவை வச்சா வீடே ஜொலிக்கும்."

"அதனாலதான் வேணாங்கிறேன்."

"இருபது வருஷத்துல இப்படி ஒரு ரசனையை நான் பார்த்ததே இல்ல!"

"ரசனையா? வீட்டு ஓனர் நாளைக்கு வீட்டை விக்க ஆள் கூட்டிட்டு வர்றாரு. சோபாவுல பூக்குஷன் போட்டு, என் கையாலயே அழகாக்கி வைக்கணுமாம்! வித்துட்டா, வாடகைக்கு இருக்கிற நாங்க எங்கண்ணே போறது?"

கடைக்காரர் வெளிர்நீலத்தை உள்ளே வைத்தார். ஐந்து வருடமாக யாரும் சீண்டாத சூரியகாந்தியை மேல் அலமாரியிலிருந்து இறக்கினார்.

"இதை நடுவுல போடு தங்கச்சி. வர்றவன் வாசலோட திரும்பிடுவான்."