மூன்று கிளாஸ் மாப்பிள்ளை

"மூண்டு தோட்டம், மூண்டு கிளாஸ்! என்ர கண்ணால பாத்தனான்."

வைஹெக்கே தீவிலிருந்து ஆக்லாந்து திரும்பும் ஃபெரியில் ஏறி உட்கார்ந்ததுமே வசந்தமலர் தீர்ப்பை வாசித்துவிட்டாள்.

மகள் லோஜனா விரும்பும் கீதன் ஜெர்மனியில் பிறந்தவன். ரைன் நதிக்கரைச் சரிவுகளில் திராட்சை வளர்க்கப் படித்தவன். இப்போது வைஹெக்கேயில் ஒரு தோட்டத்துக்குப் பொறுப்பு.

"அங்க சனம் திராட்சைக் கொடியளுக்குள்ளால மலையேறி, தோட்டத்துக்குத் தோட்டம் நிண்டு வைன் ருசி பாக்கும், அன்ரி. இங்கயும் அப்பிடி நடப்பம், வாங்கோ" என்று குடும்பத்தையே கூப்பிட்டிருந்தான்.

நடையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பழத்தில் வெயில் படத்தான் இலையைக் கிள்ளுகிறோம் என்று கொடியைத் தூக்கிக் காட்டினான். மேடு வந்ததும் வசந்தமலரின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அவளுக்கே மனம் இளகத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் அவள் திரும்பிப் பார்த்தபோது பொடியன் கையில் கிளாஸ். ஒரே மடக்கு!

"குடிகாரனுக்குப் பிள்ளையைக் குடுத்திட்டு நான் நிம்மதியா நித்திரை கொள்ளுறதே?"

"அம்மா, ப்ளீஸ்! ஹீ இஸ் நாட் லைக் தட்."

"நீ சும்மா இரு. உன்ர அப்பாவைப் பார். டொக்டர் கூடாதெண்ட நாள் தொட்டு ஒரு சொட்டு வாயில வைச்சவரே?"

இரத்தினசிங்கம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்னப்பா சொல்லுறியள்?"

"எனக்கும் அவன் வேண்டாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சுருக்காக மனைவியோடு ஒத்துப்போனதே இல்லை. வசந்தமலருக்குப் பெருமை பிடிபடவில்லை.

லோஜனாவின் கண் நிறைந்துவிட்டது. "அப்பா, நீங்களுமா? கீதன் உங்களுக்கு என்ன செய்தவர்?"

"என்ன செய்தவனோ?" இரத்தினசிங்கத்துக்கு அடக்கி வைத்திருந்த ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மூண்டு இடத்திலயும் கிளாஸ் என்ர வாய்க்குக் கிட்டப் போகேக்க, 'உங்களுக்குக் கூடாது, அங்கிள்' எண்டு பறிச்சுத் தான் குடிச்சவன். இவன் மருமகனா வந்தால் நான் எப்பிடி உயிரோட இருக்கிறது?"



கணவரை விட்டுக் கண்ணை எடுக்காமலே வசந்தமலர் மகளிடம் கையை நீட்டினாள்.

"பிள்ளை, கீதன்ர தாயின்ர நம்பரைத் தா. வாற தையிலயே கலியாணத்தை வைப்பம்."