சந்தனப்பொட்டு வைத்த பற்றரிகள்

ஜெனரேற்றர் இரைகிறது, உரும்பிராயில் தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டரியின் பழைய கொம்பியூட்டர் இன்றைக்கும் முழுதாக எழும்பவில்லை. கறுத்த திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுங்குகிறது. ரியூட்டரியை நடத்தும் தில்லைநாதன் பெட்டியின் மூடியைக் கழற்றிக் குனிகிறார். கழற்றிய ஆணிகளை உள்ளங்கையில் ஏந்தி நிற்கும் கூட்டாளி சபாரத்தினம், "பாவம் அண்ணை நீங்கள், மூண்டு கிழமையாப் பாடுபடுறியள்" என்று உச்சுக்கொட்டுகிறார். உள்ளே, இத்தனை நாளும் திறந்து பாராத சிறு கூட்டில், பெட்டியின் நினைவைக் காக்கும் நாலு பற்றரிகளும் துருவேறிக் கிடக்கின்றன. வாணிவிழாப் பூசையன்று தில்லைநாதன் சந்தனப்பொட்டு வைத்துப் பூட்டிய புதுப் பற்றரிகள் இவையல்ல. அரசின் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் பற்றரி இல்லை. ஆனாலும் யன்னலோரம் சபாரத்தினத்தின் றேடியோ கணீரென்று செய்தி வாசிக்கிறது. தில்லைநாதன் எட்டி அதன் முதுகு மூடியைத் திறக்கிறார். காலை வெயிலில் நாலு சந்தனப்பொட்டுகள். "மூண்டு கிழமையும் எனக்கு ஆணி பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனி!"