அடுத்த வாரப் பாடம்

பருவம் முடிந்ததால் முதலாண்டு மாணவர்களின் கணினிக் கணக்குகளை அழித்துக்கொண்டிருந்தேன். இடையில், பருவத் தொடக்கத்திலேயே இறந்துபோன இசைவாணியின் கணக்கு வந்ததும் நிறுத்தினேன். அவள் அம்மாவை ஆய்வகத்துக்கு வரச்சொன்னேன்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி அவ எழுதினத ஒரு தடவ பாத்துடுங்கம்மா."

உள்ளே ஒரே ஒரு நிரல்தான் இருந்தது. பெயரைக் கேட்டு வணக்கம் சொல்லும் முதல் பயிற்சி. ஓடவிட்டதும் திரை பெயர் கேட்டது.

"கோமளான்னு போடுங்க மேடம். என் பேரு."

போட்டேன். வணக்கத்தை எடுத்துவிட்டு அவள் வேறொன்று எழுதிவைத்திருந்தாள்.

'கோமளா, சாப்பிட்டியா?'

அந்த அம்மா திரையை நோக்கிக் குனிந்தார். "இன்னும் இல்லடி."

பதிலைக் கேட்டு நிரலை மேலே பேசவைப்பது அடுத்த வாரப் பாடம். அதற்கு அவள் வரவில்லை. திரை சும்மா இருந்தது.

"இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்க மேடம்."