மார்போடு ஒரு நோயாளி

விண்கப்பலில் டாக்டர் அந்தோணிமுத்துவின் அதட்டலுக்குப் பயப்படாதவர் இல்லை. விண்வெளியில் மிதந்துவந்த ஓர் உயிரினம், ஈரத்துணி போலச் சுருண்டு, ஒளி மங்கி அவருடைய மேசைமேல் கிடந்தது.

"ஏதாவது நோய் பரவிடும். வெளியே தள்ளிடுங்க," என்றார் கேப்டன் பூங்காவனம்.

"அது என் நோயாளிம்மா. நீங்க வெளியே போங்க!"

இதயம் எங்கேயென்று தெரியாமல் அதன் உடலெங்கும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அது நடுங்கியது. "சனியனே, குளிருதா?" என்று திட்டிக்கொண்டே வாரி மார்போடு அணைத்தார். அவருடைய நெஞ்சு துடிக்கத் துடிக்க, அதன் நீல ஒளியும் விட்டுவிட்டு எரிந்தது. அறையே கடலடியைப் போல அலைந்தது. கீழே கிடத்தப் பார்த்தார், ஒளி அணைந்தது. பதறி மறுபடியும் அணைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்த கேப்டன், "டாக்டர்!" என்று கத்தினார். டாக்டரின் நெஞ்சு திடுக்கிட, நீல ஒளி தாறுமாறாகச் சிதறி, அது வலியில் சுருண்டது.

"மெல்லப் பேசுங்கம்மா," என்றார் டாக்டர், அந்தக் கப்பலில் யாரும் கேட்டிராத குரலில். "எனக்குப் படபடத்தா இதுக்கு வலிக்குது."